டேங்க் எவ்வளவு தாங்கும், மோட்டார் எவ்வளவு தள்ளும்? மூன்று வீடுகளின் பிரஷர் கணக்கு

கீசரைக் கழற்றியபோதுதான் அது கண்ணில் பட்டது. பிரஷர் எல்லை மீறினால் தானாகத் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு தண்ணீரை வெளியே விடும் வாயில் ஒரு பித்தளை டம்மி, அதாவது அடைப்பு மூடி. டெஃப்லான் டேப் சுற்றி, ஸ்பேனர் போட்டு, நன்றாக முறுக்கியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் "கீசர் சொட்டுதுப்பா, வந்து பாரு" என்று பிளம்பரைக் கூப்பிட்டது நான்தான். பத்து நிமிடத்தில் சொட்டு நின்றது. எப்படி நின்றது என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து எனக்குப் பிரஷர் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகள்; மூன்றிலும் போர் தண்ணீர், மூன்றும் மூன்று விதம். பெரம்பூரில் அம்மா வீடு: மொட்டை மாடியில் ஒரு சின்டெக்ஸ், அவ்வளவுதான். மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு: சின்டெக்ஸுக்குப் பக்கத்தில் பிரஷர் பம்ப், அதோடு, உள்ளே அமுங்கிய காற்றால் தண்ணீரைத் தள்ளும் 24 லிட்டர் பிரஷர் டேங்க். சேலையூரில் மச்சினன் வீடு: மாடித் தொட்டியே கிடையாது, போர் மோட்டாரிலிருந்து நேராகப் பிரஷர் டேங்க், அங்கிருந்து நேராகக் குழாய். எது வசதி என்று கேட்டால் அவரவர் தன் வீட்டைத்தான் சொல்வார்கள். எதற்கு சேஃப்டி வால்வு கட்டாயம் என்று கேட்டால் பதிலுக்குக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு சின்னதுதான். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அடியில் தரும் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார். லேபிளில் பார் என்று இருக்கும், பிளம்பர் 'கேஜி' என்பார். வீட்டுக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. மோட்டார் தகட்டில் 'ஹெட்', அதாவது தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்று, மீட்டரில் போட்டிருக்கும். அதில் பெரிய எண்ணைப் பத்தால் வகுத்தால், எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது மோட்டார் எவ்வளவு அழுத்தம் வரை தள்ளும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். உண்மையில் அதற்குக் கொஞ்சம் மேலேயே தள்ளும். டேங்கின் லேபிளில் அது எவ்வளவு தாங்கும் என்று இருக்கும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரஷரைப் பார்த்து மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சை எத்தனையில் வைத்திருக்கிறது என்பதை இதில் சேர்க்கவே கூடாது. ஸ்விட்ச் வேலை செய்யாத நாளுக்குத்தானே சேஃப்டி வால்வு?

பெரம்பூர் வீட்டில் இந்தப் பேச்சே எழாது. சின்டெக்ஸ் மேலே திறந்த தொட்டி. அம்மா மோட்டாரை அணைக்க மறந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டும், பக்கத்து வீட்டு மாமி சத்தம் போடுவார். இதைவிட நல்ல எச்சரிக்கை மணி எந்தக் கடையிலும் கிடைக்காது. கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். குறை ஒன்றுதான்: மேல் மாடி பாத்ரூமுக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் 3 மீட்டர்கூட இல்லை. 0.3 பாரில் ஷவர் அழுது வடியும். 1 பார் வேண்டும் என்றால் தொட்டியை 10 மீட்டர் உயரத்தில் ஏற்ற வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீரே 1 டன். அதனால்தான் ஊரே பிரஷர் பம்புக்கு மாறுகிறது.

ஆனால் திறந்த தொட்டி என்பதால் கீசரும் தானாகத் தப்பித்துவிடும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் சூடானால் பெருகும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 100 லிட்டர் 101.4 லிட்டர் ஆகும். 25 லிட்டர் கீசரில் அது சுமார் 350 மில்லி, இரண்டு டம்ளர். பழைய அமைப்பில் அந்த இரண்டு டம்ளரும் வந்த குழாய் வழியே சத்தமில்லாமல் சின்டெக்ஸுக்குத் திரும்பிவிடும். இப்போது கீசரோடு வரும் பல்வேலை வால்வுக்குள்ளேயே என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் தடுப்பு, இருக்கிறது, திரும்பும் வழி அடைபடுகிறது. அதனால் வால்வு சொட்டித்தான் ஆக வேண்டும். கீசர் ஓடும்போது சொட்டி, அணைத்த பிறகு நின்றால் அது ஆரோக்கியம். யாரும் கீசர் போடாத நடு இரவிலும் சொட்டினால்தான் கோளாறு: ஒன்று லைன் பிரஷர் அதிகம், அல்லது வால்வின் சீட்டில் (மூடி வந்து உட்காரும் இடத்தில்) உப்போ மண்ணோ மாட்டியிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் பிளம்பரைக் கூப்பிட்டேன். நான்கு வருடம் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தது, நானும் இருக்கிறேன்.

சரி, மடிப்பாக்கம். எங்கள் பிரஷர் பம்ப் அரை ஹெச்பி, தகட்டில் ஹெட் 35 மீட்டர். அதாவது 3.5 பார், கொஞ்சம் கூட வைத்து 4 என்றே கொள்வோம். டேங்க் லேபிள் 10 பார். பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு மோட்டார் நாள் பூராவும் ஓடினாலும் இந்த டேங்க் வெடிக்காது. மோட்டார்தான் சூடேறிக் கெடும். பம்ப் மொட்டை மாடியில் இருப்பதால் கீழ்த்தளத்தில் இன்னொரு 8 மீட்டர் உயரம் சேரும், அங்கே 4.8 வரை போகலாம். எனவே பிரஷர் கேஜை மாடியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் கீழ்க் குழாயில் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது நல்லது. சுடுதண்ணீர் லைனில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிபிவிசி என்னும் சுடுதண்ணீர் பிளாஸ்டிக் குழாய் (எஸ்டிஆர் 11 என்ற கன ரகம்) 23 டிகிரியில் 27 பார் தாங்கும், 82 டிகிரியில் 7 பாருக்கும் குறைவாகத்தான் தாங்கும். பழைய ஜாயிண்ட் என்றால் அதற்கு முன்பே இளகலாம்.

ஆக, இந்த வகை வீட்டுக்குப் பம்ப் பக்கத்தில் தனி சேஃப்டி வால்வு வாங்கச் சொல்லி நான் யாரையும் நச்சரிக்க மாட்டேன். அந்தப் பணத்தில் கீசர் வால்வை மாற்றுங்கள். டேங்கின் காற்றை மட்டும் மறக்க வேண்டாம். 24 லிட்டர் டேங்க் என்றதும் 24 லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்று நினைக்கிறோம். உள்ளே ரப்பர் பைக்கு வெளியே காற்று இருக்கிறது. ஸ்விட்ச் 1.4-இல் போட்டு 2.8-இல் நிறுத்துகிறது என்றால், இடையில் கிடைப்பது எட்டரை லிட்டர், அரை பக்கெட். காற்று இறங்கிவிட்டால் அதுவும் போய், குழாயைத் திறந்தாலே மோட்டார் டக் டக் என்று விட்டு விட்டு ஓடும். ஒவ்வொரு டக்குக்கும் ஸ்விட்சின் பாயிண்ட் கொஞ்சம் கருகுகிறது. ஒருநாள் அது ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மோட்டார் நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரை அணைத்து, டேங்க் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டயர் கேஜை வைத்துப் பாருங்கள். மோட்டார் எந்தப் பிரஷரில் ஓடத் தொடங்குகிறதோ அதைவிட 0.1, 0.2 குறைவாகக் காற்று இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பே போதும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் வருகிற எண் பொய்.

இப்போது சேலையூர். மூன்றில் என்னைத் தூங்கவிடாத வீடு இது.

அந்தப் பக்கமெல்லாம் அடியில் கரும்பாறை. (கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போனது இந்த வட்டாரத்துக் கல்தான், அதனாலேயே இந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயர்.) 250 அடி போர். கோடையில் தண்ணீர் 45 மீட்டருக்குக் கீழே போய்விடும் என்று, அதற்குத் தகுந்தாற்போல் 110 மீட்டர் ஹெட்டில் ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள் இறக்கியிருக்கிறார்கள். அது சரியான முடிவுதான். கோடையில் 110-இல் 45 மீட்டர், தண்ணீரை மேலே தூக்கவே செலவாகிறது; மிச்சம் 65 மீட்டர், 6.5 பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர் நிரம்பி, தண்ணீர் 6 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. மோட்டார் அதே மோட்டார். தூக்க வேண்டியது 6 மீட்டர்தான், மிச்சம் 104 மீட்டர் அப்படியே டேங்க் வாயில் வந்து நிற்கிறது: 10.4 பார். டேங்க் லேபிள் 8 பார்.

சித்திரையில் 6.5, கார்த்திகையில் 10.4. தண்ணீர் நிறைய இருக்கும் மாதத்தில்தான் ஆபத்தும் நிறைய.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம் அது நடக்க இருந்தது. போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் கால் இஞ்ச் நிப்பிளில் (குட்டைக் குழாய்த் துண்டில்) துருச்சேறு அடைத்துக்கொண்டது. டேங்கில் பிரஷர் ஏறுகிறது, அடைப்புக்கு அப்பால் இருக்கும் ஸ்விட்சுக்கோ ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடியைத் திருப்பி லைனை மூடும் ஒரு பால் வால்வின் ஜாயிண்ட் பீய்ச்சி அடித்ததால் மச்சினன் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறான். கேஜ் முள் 7-ஐத் தாண்டியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தான்: "மாமா, ஜாயிண்ட்தான் லூஸ், டேப் சுத்தினா சரியாயிடும்ல?" அந்த லூஸ் ஜாயிண்டுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்றேன். தண்ணீர் மட்டும் நிறைந்த டேங்க் விரிசல் விட்டால் அழுத்தம் உடனே விழுந்துவிடும். இந்த டேங்கில் அமுங்கிய காற்று இருக்கிறது. அது தகட்டைத் தூக்கி எறியும்.

அந்த வார இறுதியில் செம்புதாஸ் தெருவுக்குப் போனோம். சேஃப்டி வால்வு என்றதும் கடைக்காரர், "எதுக்கு சார்? கீசருக்கா, கம்ப்ரசருக்கா, லைனுக்கா?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அங்கே போனதே. மூன்றையும் மேஜைமேல் வைத்தார்.

கீசர் வால்வு விலை மலிவு, ஆனால் திறப்பது பெரும்பாலும் 8 பாரில். டேங்கே 8 என்னும்போது அது எதற்கு? அதைவிடப் பெரிய குறை அதன் தொண்டை. இரண்டு டம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குச் செய்தது அது. மழைக்காலத்தில் மச்சினன் வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் தள்ளும். வால்வு திறந்திருக்கும், பிரஷரும் ஏறிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் வால்வு பார்க்கக் கம்பீரம், இழுக்க வளையமெல்லாம் உண்டு. ஆனால் அது காற்றுக்கு உரியது. பக்கத்து ஓட்டைகள் வழியே நாலா பக்கமும் பீய்ச்சும், குழாய் மாட்ட வாய் கிடையாது. மோட்டார் ஸ்டார்ட்டர் இரண்டடி தள்ளி இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். மூன்றாவது, தண்ணீர் லைனுக்கான ஸ்பிரிங் ரிலீஃப் வால்வு: முக்கால் இஞ்ச், கனமான பித்தளை, மேலே அட்ஜஸ்ட் செய்ய ஸ்க்ரூ, லாக் நட், கையால் தூக்கிப் பார்க்க லீவர். விலை மற்ற இரண்டையும் சேர்த்தாலும் கூட. அதைத்தான் வாங்கினோம்.

ஸ்விட்ச் 2.8-இல் நிறுத்துகிறது, டேங்க் 8 தாங்கும்; வால்வை 4.5-இல் வைத்தோம். 3-இல் வைத்தால் தினமும் அழும், 7-இல் வைத்தால் பழைய ஜாயிண்டுகள் முதலில் போகும். பிறகு பிளம்பர் மெயின் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு, எல்லாக் குழாயையும் மூடி, பிரஷர் ஸ்விட்சைத் தாண்டி மோட்டாரை ஓடவிட்டார். நான் கேஜ்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. 4.5-இல் வால்வு திறந்தது, முள் 5-க்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. 6-ஐத் தொட்டால் அணைத்துவிடுவது, அடுத்த சைஸ் வாங்குவது என்று பேசி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. தெரிந்த ஆள் கூட இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

மாட்டும்போது ஒரு சண்டை. "சார், பின்னாடி சர்வீஸ் பண்ண ஈஸியா இருக்கும், நடுவுல ஒரு பால் வால்வு போட்டுடறேன்" என்றார். டேங்குக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது. யாராவது ஒருநாள் அதை மூடிவிட்டு மறப்பார்கள், யார் என்பதுதான் தெரியாது. வால்விலிருந்து வெளியே போகும் குழாயும் அப்படித்தான்: சைஸ் குறையக் கூடாது, கீழ்நோக்கி இறங்க வேண்டும், நுனி திறந்தே இருக்க வேண்டும், கொட்டுவது கண்ணில் பட வேண்டும். மரை போட்ட நுனியாக விடாதீர்கள், மரை இருந்தால் அதற்கு ஒரு டம்மி தானாக வந்து சேரும்.

இன்வெர்ட்டர் பம்ப் என்று இப்போது விற்கிறார்களே, அதில் ஸ்விட்சுக்குப் பதில் சென்சார். சத்தம் குறைவு, கரண்டும் மிச்சம். சென்சார் கெட்டால் அதுவும் முழு வேகத்தில் ஓடலாம். அதே தகடு, அதே கணக்கு.

நம்ம ஊர்த் தண்ணீர் உப்பைக் கணக்கில் எடுக்காமல் வால்வு பேசக் கூடாது. மூன்று மாதம் திறக்காத வால்வின் சீட்டில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். எனவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லீவரைத் தூக்கிவிட்டு விடுங்கள். கீசரில் செய்தால் தண்ணீர் ஆறிய பிறகு. தூக்கிய பின் சொட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் இரண்டு தடவை தூக்கி மண்ணைக் கழுவிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் புது வால்வு. தூக்கவே முடியாமல் இறுகியிருந்தால் அன்றைக்கே புது வால்வு. கடலோரம், அதாவது திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம், உவர்ப்பில் பித்தளையே அரிக்கும். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங், சீட் உள்ளதாகக் கேட்டு வாங்குவது மேல்.

புதிதாக வீடு கட்டும் நண்பர் ஒருவர் மூன்றில் எதைப் போடலாம் என்று கேட்டார். மடிப்பாக்கம் மாதிரி என்றேன்: போர் தண்ணீர் திறந்த தொட்டிக்குப் போகட்டும், அங்கிருந்து சின்னப் பிரஷர் பம்ப். பெரிய மோட்டாரும் மூடிய டேங்கும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. மச்சினனிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடியில் கறுப்பு டேங்க் வந்தால் துணி காயப்போட இடம் போய்விடும் என்று அவன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு மாதா மாதம் லீவரைத் தூக்கி வீடியோ எடுத்து அனுப்புகிறான்.