கடிவாளமா, நாய்ச்சங்கிலியா? ஆளைக் கட்டுப்படுத்தும் ஆங்கிலத் தொடர்கள்

ஒருவரை இஷ்டப்படி நடக்க விடாமல் அடக்கி வைப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் ஏராளம். அகராதியைப் புரட்டினால் பலவற்றுக்கும் 'கட்டுப்படுத்து' என்று ஒரே பொருள்தான் இருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதினால், சொல்ல வந்தது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று. அலுவலக மின்னஞ்சலில் இது நடந்தால் எதிரே இருப்பவர் மனம் புண்படும். அடிக்கடி கண்ணில் படும் நான்கை மட்டும் இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் 'கீப் எ டைட் ரெயின் ஆன்'. ரெயின் என்றால் கடிவாள வார். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். வாரை இழுத்தால் நாக்கிலும் ஈறிலும் அழுத்தம் விழும், குதிரை வேகத்தைக் குறைக்கும். ஆனால் சவாரி தொடரும். அதை நிறுத்துவது வார் பிடித்தவரின் நோக்கம் இல்லை. தொடரின் தொனியும் இதுவே: வேலை நடக்கட்டும், கைமீறிப் போகக் கூடாது. செலவு, கோபம், திட்டம், ஆட்கள் என எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'செலவுக்குக் கடிவாளம்' என்று நாமே சொல்வதால் நமக்குச் சுலபமாகப் பிடிபடும். இதன் எதிர்ப்பக்கம் 'ஃப்ரீ ரெயின்', அதாவது முழுச் சுதந்திரம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதை எழுதும்போது நடுவில் ஒரு ஜி-யைச் சேர்த்து, 'ஆட்சி' என்ற பொருளுள்ள சொல்லாக்கிவிடுகிறார்கள். நீங்கள் எழுதும்போது கவனியுங்கள்.

அடுத்தது 'ஆன் எ ஷார்ட் லீஷ்'. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் கடிவாளமும் ஒன்றுதான். என் கணக்கில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. லீஷ் என்பது நாயைப் பிடித்துப் போகும் வார். அதைக் குட்டையாகப் பிடிப்பது, விட்டால் யாரையாவது கடித்துவிடும் என்ற பயத்தில். எனவே இந்தத் தொடரில் அவநம்பிக்கை எப்போதும் ஒட்டியே வரும். அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், 'ஷார்ட் லீஷில்' இருக்கிறார் என்றால், கொஞ்சம் தடுமாறினாலும் அணியை நடத்தும் மேனேஜர் அவரை வெளியே எடுத்துவிடுவார் என்று பொருள். அங்கே அது சாதாரண விளையாட்டுப் பேச்சு. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பற்றி மேலதிகாரி இப்படி எழுதி, அவரையும் மடலில் சேர்த்து அனுப்பினால்? அவர் தன்னை நாயாகத்தான் அதில் பார்ப்பார். ஆட்களைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்த்துவிடுங்கள். 'டைட் ரெயின்' போதும், அதையும் வேலையின் மேல் வைத்து எழுதினால் இன்னும் நல்லது.

'கிளிப் சம்ஒன்ஸ் விங்ஸ்', அதாவது ஒருவரின் சிறகைக் கத்தரிப்பது, வேறு ரகம். முந்தைய இரண்டிலும் வார் இன்னொருவர் கையில் இருக்கிறது. இதில் யாரும் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆளின் சக்தியையே குறைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். லண்டன் கோபுரக் கோட்டையில் குறைந்தது 6 அண்டங்காக்கைகளை எப்போதும் வைத்திருக்கிறார்கள். அவை போய்விட்டால் அரசு கவிழும் என்பது அங்குள்ள ஐதீகம். அவை தொலைதூரம் பறந்துவிடாதபடி இறகுகளைக் கொஞ்சம் கத்தரித்து விடுவது வழக்கம். கூண்டுக்கு வெளியே உலாவும், தின்னும், கத்தும். நெடுந்தூரம் மட்டும் போக முடியாது. பதவியில் வைத்துக்கொண்டே ஒருவரின் அதிகாரத்தைப் பிடுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்வுக்குப் பின் முளைத்துவிடும் என்பதால், இழந்த அதிகாரம் திரும்பக் கூடிய இடங்களிலும் இது பொருந்துகிறது.

நான்காவது 'மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு', அதாவது என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மற்ற மூன்றும் அடக்குபவரைப் பற்றிப் பேசும், இது அடக்கப்பட்டவரின் வாய்மொழி. எனக்கு உதவ ஆசைதான், விதி விடவில்லை என்பது கருத்து. வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இது பல நேரம் உண்மை, சில நேரம் சாக்கு. தமிழில் எழுதும்போது 'என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்' என்பதே சரி. 'கைகட்டி நிற்கிறேன்' என்று போட்டுவிட்டால் பணிவாகவோ அடிமைத்தனமாகவோ ஆகிவிடும். இந்தக் கட்டு பலமாகவும் ஆகலாம் என்று காட்டியவர் தாமஸ் ஷெல்லிங், 2005-இல் பொருளாதார நோபல் பெற்றவர். பேரத்தில் ஒருவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, 'இதற்கு மேல் இறங்க எனக்கு அதிகாரமே இல்லை' என்று நம்பும்படி சொல்லிவிட்டால், எதிராளிதான் இறங்கி வர வேண்டியிருக்கும். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டு சில்லறைத் தொடர்கள். 'அண்டர் த தம்ப்', அதாவது ஒருவரின் முழுப் பிடியில் இருப்பது, பெரும்பாலும் கணவன் மனைவி, அம்மா பிள்ளை போன்ற உறவுகளுக்கு. அலுவலகத்தில் கேலியாக ஒலிக்கும். 'கிராம்ப் மை ஸ்டைல்', அதாவது என் இஷ்டப்படி இருக்க விடாமல் இடைஞ்சல் செய்வது, நண்பர்களோடு பேசும்போது மட்டும்.

அப்புறம், இந்தக் கூட்டத்தில் தவறிச் சேர்க்கப்படும் ஒன்று 'ரீட் த ரயட் ஆக்ட்'. இது கட்டுப்படுத்துவது இல்லை, கறாராக எச்சரிப்பது. 1715-இல் பிரிட்டனில் அமலுக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அதிகாரி ஓர் அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை போகலாம். இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தை 1967-இல் நீக்கிவிட்டார்கள், தொடர் நிலைத்துவிட்டது. சேட்டை செய்யும் பிள்ளைகளை அம்மா நிற்க வைத்து, இதுதான் கடைசி, இனி ஒரு தடவை நடந்தால் பார் என்று கறாராகத் திட்டும்போது சொல்ல வேண்டிய தொடர் இது. அதற்குப் பிறகும் அடங்காமல், வெளியே போகக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்தால், அதற்கு 'கிரவுண்டட்' என்று தனிச் சொல் இருக்கிறது.