ஐந்தரை மணி நேரம் பிந்திய சர்வர்: ஜெல்லிஃபின் அட்டவணையோடு இரண்டு ஆண்டுகள்

நான் வைத்திருக்கும் நாஸ் பெட்டியின் (கோப்புகளைச் சேமித்து வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சிறு கணினி) விலை இப்போது குறைந்திருப்பதால், அதையே வாங்கலாமா என்று கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். புது ஹார்ட் டிஸ்க் மாற்றி இரண்டு வாரமே ஆகிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலுள்ள எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிதான் சர்வர். சேமித்த படங்களையும் பாடல்களையும் வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் அதில் ஓடுகிறது. தமிழுக்கு ஒன்றும் மலையாளத்துக்கு ஒன்றுமாக அதில் இரண்டு லைப்ரரிகள் இருக்கின்றன. மலையாளப் படங்கள் மாடிக் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக வருவதால், அங்கே புதிதாகச் சேர்ப்பது சர்வருக்கு உடனே தெரிவதில்லை. குறித்த நேரத்தில் தானாக நடக்கும் தேடலைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தத் தேடல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும்படி முதலிலேயே அமைந்திருக்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசி மின்சாரம் போய்விட்டாலும், இடைவெளி வைத்து ஓடும் இவ்வகைப் பணி, சர்வர் மீண்டும் எழுந்ததும் தவணை கடந்துவிட்டதைக் கண்டு, அடுத்த நாளுக்குக் காத்திராமல் தானே தொடங்கிவிடுகிறது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் காலை நேரம் எங்களுக்கு வேதனையாக இருந்தது. அம்மா காபி குடித்துவிட்டுப் பழைய பாடல்களைப் போட்டால், ஏழரை மணியிலிருந்து ஒவ்வொரு பாட்டும் திக்கித் திக்கி நின்றது. பதினொன்றரைக்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. டிஸ்க் நலிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தேன். மாட்டிய மறுநாள் காலை ஏழரைக்கு அதே பாட்டு அதே இடத்தில் நின்றபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

படத்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடையாளமாக ஒரு சிறு நிலைப்படத்தை எடுக்கும் பணியை நான் இயக்கியிருந்தேன். பிராசஸரை வாட்டும் அந்தப் பணிக்கு ஜெல்லிஃபின் இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் இரவு 2 மணி, உச்ச வரம்பு 4 மணி நேரம். பெட்டியைத் தயாரித்த நிறுவனமோ கன்டெய்னரை (பெட்டிக்குள் ஜெல்லிஃபின் ஓடும் தனி மென்பொருள் சூழல்) யுடிசி நேரத்தில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்திய உலகப் பொது நேரத்தில், ஓடவிட்டிருந்தது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யுடிசியில் 2 மணி என்றால் நமக்கு 7:30. திரையில் 2:00 என்றே காட்டியதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று ஒரே வரியில் மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

நியாயமாகச் சொன்னால், பெட்டி சத்தமின்றி ஓடுகிறது, சூடாவதில்லை, இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட முடங்கியதில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதில் ஜெல்லிஃபினை நிறுவி, முதல் வேலையாக அதன் பதிவுக் கோப்பிலுள்ள (லாக்) நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.