சிலிகான் தவளை மாடல்: ஒரு செமஸ்டர் முழுக்கப் பயன்படுத்திய மாணவியின் கருத்து

எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு இந்த வருடம் சிலிகான் தவளை மாடல்கள் வந்திருக்கின்றன. லேப் சாமான் சப்ளை செய்யும் ஒரு கடை மூலமாக வாங்கியது, ஒன்று 2,400 ரூபாய். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் முழுக்க இதை வைத்துத்தான் எங்களுக்குப் பிராக்டிக்கல். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்காகவும், "தவளையை அறுக்கணுமாமே" என்று பயந்து உயிரியல் பக்கம் வராமல் இருக்கிற ப்ளஸ் டூ பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். தாராளமாக வாங்கலாம். அதோடு சேர்த்துச் செய்யவேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மாடல். கையில் எடுத்தால் நல்ல கனம். வயிற்றுத் தோல் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே தசை ஓர் அடுக்கு, இரண்டும் தனித்தனியாகத் திறக்கும். காந்தம் வைத்திருப்பதால் மூடும்போது சரியாகப் பொருந்துகிறது. உள்ளே கல்லீரல், பித்தப்பை, இரைப்பை, குடல், விரல் விரலாக மஞ்சள் நிறத்தில் கொழுப்பு உறுப்புகள், சிறுநீரகம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். "கழட்டினத எண்ணி வை பாப்பா" என்று லேப் அண்ணன் பின்னாலேயே நிற்பார், ஏனென்றால் மண்ணீரல் அவ்வளவு சின்னது, உருண்டு போனால் கிடைக்காது. உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினின் நெடி கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. அந்த நெடிக்குப் பயந்து தள்ளி நின்றே படம் வரைந்த சீனியர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

இதயம்தான் இதில் மிகச் சிறப்பாக வந்திருக்கிறது. இரண்டு ஏட்ரியம் (மேலறை), ஒரு வென்ட்ரிக்கிள் (கீழறை) என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இதயத்தை எடுத்துத் திருப்பினால் முதுகுப் பக்கம் முக்கோணமாக சைனஸ் வீனோசஸ் இருக்கிறது பாருங்கள், அதையும் விடாமல் செய்திருக்கிறார்கள். தவளையின் இதயத் துடிப்பு பிறக்கிற இடம் அது. சார்ட்டில் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துப் படித்த எங்களுக்கு அன்றைக்குத்தான் அது எங்கே இருக்கிறது என்று விளங்கியது.

குறைகளும் உண்டு. நாக்கு தப்பு. தவளைக்கு நாக்கு வாயின் முன்பக்கம் ஒட்டியிருக்கும், இரட்டையாகப் பிளந்த நுனி உள்ளே தொண்டைப் பக்கம் பார்த்துக் கிடக்கும். அதனால்தான் வெளியே சுழற்றி வீசிப் பூச்சியைப் பிடிக்க முடிகிறது. இந்த மாடலில் நமக்கு இருப்பதுபோல் பின்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார்கள். தவளையைத் தவளையாக்கும் ஓர் அடையாளத்திலேயே கோட்டை விட்டது பெரிய குறைதான். வயிற்றுத் தசையின் நடுவில் ஓடும் சிரையை வெறும் நீலக் கோடாக அச்சடித்திருக்கிறார்கள். நிஜத்தில் அந்தச் சிரை அறுபடாமல் இருக்கக் கத்தரியைச் சற்று ஒதுக்கி வெட்ட வேண்டும் என்று மேடம் சொன்னார். அந்தக் கைப்பக்குவம் இதில் வராது.

என் சித்தி 1994-ல் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர். மாடலை போட்டோ எடுத்துக் காட்டியபோது அவருடைய லேப் கதை வந்தது. குளோரோஃபார்ம் ஜாடி, மெழுகுத் தட்டு, நாலு காலிலும் குண்டூசி. "நான் படம் வரைஞ்சு, பேர் குறிச்சு முடிக்கிற வரைக்கும் அது நெஞ்சு துடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, புள்ள. ஒருமாதிரி இருந்துச்சு. அத நான் யாருட்டயும் கேக்கல, எங்கிட்டயும் யாரும் கேக்கல" என்றார். மூளையிலிருந்து உத்தரவு வராமலே தவளை இதயம் தானாகத் துடிக்கும், அதற்குக் காரணம் அந்த சைனஸ் வீனோசஸ்தான் என்று நான் விளக்கினேன். அவருக்கு அது தெரியும். அவர் கேட்க நினைத்தது வேறு.

எங்கள் வகுப்பிலும் ஒரு தோழி, "நிஜத்தை அறுக்காமல் என்னடி ஜுவாலஜி?" என்று விடாமல் வாதாடினாள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கல்லூரியிலும் மேசைக்கு ஒன்றாகத் தவளையைக் கொன்று நாம் கண்டுபிடித்தது என்ன? கல்லீரல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்பதை. நூறு வருடமாகப் புத்தகத்தில் இருக்கிற விடையைச் சரிபார்க்க இன்னோர் உயிர் எதற்கு? புதிய கேள்விக்கு விடை தேடும் ஆராய்ச்சியின் கதை வேறு. அங்கேயும் 1959-லேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மூன்று நிபந்தனைகள் வைத்துவிட்டார்கள்: விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாதபோது வலியையாவது குறை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி 1953-ல் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியைத் தொடர்ந்து 1960-ல் சட்டம் வந்தது. அதன் 17-வது பிரிவிலேயே, புத்தகம், மாடல், படம் போன்றவை போதுமென்றால் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. மாடல் என்றே எழுதியிருக்கிறார்கள்! இருந்தும் சித்தியின் மேசைக்கு 1994-ல் உயிருள்ள தவளைதான் வந்தது. 2011-ல் அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்ன யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), 2014-ல்தான் விலங்கியல் பட்டப்படிப்புகளில் டிசெக்‌ஷனை நிறுத்தச் சொன்னது.

முதலில் சொன்ன அந்த வேலைக்கு வருகிறேன். மாடல் கொலையைத் தவிர்க்கிறது, இரக்கத்தைக் கற்றுத்தராது. இதை மட்டுமே பார்த்துப் படிக்கிற பிள்ளைக்குத் தவளை என்றால் கழற்றி மாட்டும் பொருள் என்றே பதிந்துவிடும். நாளைக்கு இதே பிள்ளை ஆராய்ச்சிக்குப் போய் எலியைக் கையில் பிடிக்கும்போது, எங்கேயும் யோசித்துப் பழகாத கையோடு போகும். இந்தக் கவலையை மேடத்திடம் சொன்னோம். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் எங்களைக் குளத்துக்கரைக்குக் கூட்டிப்போனார். யாரும் பிடிக்கக்கூடாது, தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். கரையோரம் உட்கார்ந்திருந்த ஒரு தவளையின் தொண்டை ஏறி இறங்குவதைத்தான் வெகுநேரம் பார்த்தோம். விலா எலும்பும் உதரவிதானமும் இல்லாத உயிர், வாயின் அடித்தளத்தை இறக்கிக் காற்றை இழுத்து, ஏற்றி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. மாடலின் நுரையீரல் எந்நேரமும் ஊதியபடி விறைப்பாக இருப்பதால் இது புரியவே புரியாது. "அறுத்தே ஆகணும்" என்ற தோழிதான் அன்றைக்கு எல்லாரையும் "பேசாதீங்கடி, போயிரும்" என்று அதட்டினாள். மறுநாள் வகுப்பில், கரப்பான்பூச்சிக்கு ஏன் நாம் இவ்வளவு வருத்தப்படுவதில்லை என்று மேடம் கேட்டார். ஒருவரும் திருப்தியான பதில் சொல்லவில்லை, நான் உட்பட. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: பெண் தவளையின் அண்டகமும் (முட்டை உருவாகும் உறுப்பு) அண்டநாளமும் (முட்டை வெளியேறும் குழாய்) செட்டில் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கூடுதலாக 350 ரூபாய். நாலு பேருக்கு ஒரு மாடல் இருந்தால்தான் எல்லார் கையும் படும். பணம் கொடுக்கும் முன் வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். முன்பக்கம் ஒட்டியிருக்கிற மாடல் வேறெங்காவது கிடைத்தால் நூறு இருநூறு கூடுதலானாலும் அதையே எடுங்கள்.