க்யூட்டா, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸா?

சி++ நிரல் ஒன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும் என்றால், பேச்சு பெரும்பாலும் க்யூட் (Qt), டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (wxWidgets, சுருக்கமாக டபிள்யூஎக்ஸ்) என்ற இரண்டில் வந்து நிற்கும். இரண்டும் ஜன்னல், பொத்தான் போன்றவற்றை அமைத்துத் தரும் நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள்.

அடிப்படை வேறுபாடு பொத்தானில் இருக்கிறது. க்யூட் அதைத் தானே வரைந்து, அந்தந்த இயங்குதளத்தின் சாயலைப் பூசிக்கொள்கிறது. டபிள்யூஎக்ஸ் இயங்குதளத்தின் அசல் பொத்தானையே எடுத்து வைக்கிறது. மேக் பயனர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் ஒரே ஜன்னல் லினக்ஸில் ஜன்னல்களை அமைக்கும் ஜிடிகே-யில் ஒரு மாதிரி, விண்டோஸில் வேறு மாதிரி அமையும். ஒவ்வொன்றிலும் சோதிக்காமல் தப்ப முடியாது.

அப்புறம் உரிமம். பலர் கடைசியில்தான் பார்ப்பார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். க்யூட்டின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் (LGPL) என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. மூல நிரலை வெளியிடாமல் விற்கலாம், ஆனால் பயனர் க்யூட் நூலகத்தை மாற்றிக்கொள்ள வழி விட வேண்டும். விளக்கப்படம் வரையும் சார்ட்ஸ் போன்ற சில கூறுகளுக்கு ஜிபிஎல் (நிரலைப் பிறருக்குத் தந்தால் மூல நிரலையும் தரச் சொல்லும் உரிமம்) அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம்தான். டபிள்யூஎக்ஸில் இந்தத் தலைவலி இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி விற்கலாம்.

கருவிகளிலும் ஆவணங்களிலும் க்யூட் வெகுதூரம் முன்னே. ஓவியம் வரையும் கிரிட்டா (Krita) அதில் எழுதப்பட்டது, மின்சுற்று வடிவமைக்கும் கீகாட் (KiCad) டபிள்யூஎக்ஸில்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு க்யூட்டுக்கு. சின்னதாக, மூல நிரல் தராமல் விற்கும் கருவி என்றால் மட்டும் டபிள்யூஎக்ஸ்.