ஊசிக்கு எது சரி: கட்டாயமா, விருப்பமா?

தடுப்பூசி முகாம் என்றாலே மக்களை நெருக்குவதா, அவர்கள் விருப்பத்துக்கு விடுவதா என்ற பேச்சு கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் வந்துவிடுகிறது. மலேசியாவில் கோவிட் ஊசி போட்ட 2021ஐப் பார்ப்போம்.

வேகம்
கட்டாயம்: உணவக வாசலில், ஊசி போட்டதற்கான சான்றை மைசெஜாத்தெரா என்ற அரசு கைப்பேசிச் செயலியில் காட்டினால்தான் உள்ளே இடம் கிடைத்தது. தயங்கியவர்களும் போட்டுக்கொண்டார்கள்.
விருப்பம்: இதுவும் லேசுப்பட்டதல்ல. பலர் பயந்த அஸ்ட்ராசெனகா என்ற கோவிட் ஊசிக்கு, வேண்டுவோர் பதியலாம் என்று மே 2இல் கோலாலம்பூர், சிலாங்கூரில் பதிவைத் திறந்தார்கள். 2,68,000க்கும் மேற்பட்ட பதிவு இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின!

நம்பிக்கை
கட்டாயம்: ஆட்சி மேல் உள்ள கோபம் ஊசி மேலும் திரும்பும். அந்த ஆகஸ்டில் பிரதமரே மாறினார்.
விருப்பம்: ஆள் மாறினாலும் நிற்கும்.

நோய் வேகமாகப் பரவும்போது, கொஞ்ச காலத்துக்கு நிபந்தனை போடலாம். பிள்ளைகளின் தட்டம்மை ஊசிக்கு விருப்பமே சரி. முகாம் மேடையில் அரசியல்வாதி வேண்டாம், உங்கள் வட்டாரக் கிளினிக் டாக்டரைப் பேச வையுங்கள்.