குளிப்பாட்டுவதா, ஈரப்பெட்டி வைப்பதா? பாம்பு சட்டை கழற்றும் பத்து நாள்

போன மாதம் எங்கள் கிணற்றடி வேலியில் ஒரு சாரைப்பாம்பின் செட்டை தொங்கியது. தலையிலிருந்து வால் நுனிவரை ஒரு கிழிசல் இல்லை. கண் இருந்த இடத்தில் மட்டும் மெல்லிய கண்ணாடி போல இரண்டு வட்டம். திருகோணமலை உப்புவெளியில் அப்போது கச்சான் என்னும் வறண்ட காற்று வீசி, கொடியில் போட்ட உடுப்பு பத்து நிமிடத்தில் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காய்ச்சலிலும் சாரை தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது. வாழையடி ஈரத்தில் கிடந்திருக்கும், பிறகு கிடுகில் உடம்பைத் தேய்த்திருக்கும். அவ்வளவுதான்.

அதே வேலைக்கு டொரொன்டோவில் என் தம்பி மாதக்கணக்கில் எனக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான். அங்கே இருந்தபோது நான் வளர்த்த கோர்ன் ஸ்னேக் (corn snake) என்ற வளர்ப்புப் பாம்பு இப்போது அவனிடம். பெயர் கச்சான். நிறம் வறுத்த கச்சான் கொட்டை போல இருந்ததால் வைத்த பெயர், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "பாம்புக்கு உடுப்பு மாத்தவும் ஆள் வேணுமா மகன்?" என்று அம்மா கேட்டபடியே இருக்கிறார். (இங்கே நீங்களும் ஒன்று பிடித்து வளர்க்கலாமே என்று யோசிக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இலங்கையின் பெரும்பாலான பாம்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு.)

அம்மாவின் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆள் வேண்டியதில்லை, ஈரம்தான் வேண்டும். அந்த ஈரத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வளர்ப்பவர்களுக்குள் சண்டை. தெளிப்பான், குளிப்பு, ஈரப்பெட்டி, ஈரத் துவாய் என்று நான்கு கட்சி. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் பாம்பைக் காயப்படுத்தியும் இருக்கிறேன்.

முதலில் நடப்பது என்ன? பழைய தோலுக்கும் உள்ளே தயாரான புதுத் தோலுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறும். நிறம் மங்கும், வயிறு வெளிறும், கண் பால் ஊற்றியது போல நீலம் பூக்கும். சில நாளில் கண் திரும்பத் தெளியும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கண் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள், எலி கொடுப்பார்கள். உண்மையில் தோல் கழல இன்னும் மூன்று நான்கு நாள் இருக்கும். தொடக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை. அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல், பசி இல்லை, கோபம் அதிகம். சும்மா விடுவதே பாதி வைத்தியம்.

தெளிப்பானை நான் கடைசியில் வைப்பேன். கூண்டுக்குள் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பது சுலபம், ஏதோ செய்தோம் என்ற திருப்தியும் கிடைக்கும். ஆனால் மேலே காய்ந்துவிடும், அடியில் போட்ட தூள் நனைந்தே கிடக்கும். ஈரத்திலேயே வயிறு கிடந்தால் செதில் அழுகும், காற்றோட்டமும் இல்லையென்றால் நெஞ்சில் சளி பிடிக்கும்.

குளிப்பு அடுத்தது. இதற்குத்தான் ஆதரவாளர் அதிகம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற பராமரிப்பு இதுதான். மூடியில் காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் வாளிப் பெட்டி, உடம்பின் பாதித் தடிப்புக்குத் தண்ணீர், பதினைந்து இருபது நிமிடம். வெப்பம் 28 முதல் 30 பாகை. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தலையில் ஊற்றிக் குளிக்கிற சூடு நமக்குச் சுகம், பாம்புக்கு ஆபத்து. கைக்குச் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. விட்டுவிட்டுப் போகவும் கூடாது, பாம்பும் மூழ்கிச் சாகும். கச்சானை முதல் தடவை குளிப்பாட்டியபோது மூன்று நிமிடத்தில் தண்ணீருக்குள்ளேயே மலம் கழித்தது, மிச்ச நேரம் முழுக்க மூடியை மூக்கால் முட்டியது. அதற்கு அது குளிப்பு இல்லை, அடைப்பு. வெளியே எடுத்த பிறகோ, ஹீட்டர் ஓடுகிற அறையில் நனைந்த தோல் கொஞ்ச நேரத்திலேயே பழையபடி காய்ந்து ஒட்டிக்கொண்டது.

அன்று வாலில் மோதிரம் போல ஒரு வளையம் கழலாமல் நின்றது. பொறுமை இல்லாமல் நகத்தால் இழுத்தேன். வளையம் வந்தது. அதோடு அடியிலிருந்த புதுத் தோலும் கொஞ்சம் உரிந்து, சிவந்த ஈரப் புள்ளி ஒன்று மிஞ்சியது. அது ஆற அடுத்த சட்டைவரை ஆயிற்று. வளையத்தை அப்படியே விடுவதும் சரியில்லை. இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து வால் நுனியையே கருக்கிவிடும்.

அங்கேதான் ஈரத் துவாய் உதவுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதற்குள்ளால் ஊர்ந்து போக விட வேண்டும். இழுப்பது நீங்கள் இல்லை, அது. இரண்டு மூன்று தடவையில் ஒட்டிய துண்டுகள் துவாயோடு வந்துவிடும். ஆனால் இது சிக்கல் வந்த பிறகு செய்வது. சட்டை தானாகக் கழலும் முன் இதைத் தொடங்கினால் குளிப்பைவிடத் தொந்தரவு. கண்ணில் கழலாமல் நின்றுபோன கண்ணாடி மூடிக்குத் துவாயும் வேண்டாம், சாவணமும் வேண்டாம். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு போய்விடும். போகாவிட்டால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர்தான்.

என் வாக்கு ஈரப்பெட்டிக்கு. இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி, பக்கத்தில் பாம்பின் நடு உடம்பு தாராளமாகப் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். உள்ளே, ஈரத்தைப் பிடித்து வைக்கிற ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் போட வேண்டும். பாசியை உள்ளங்கையில் இறுக்கினால் துளி விழக்கூடாது, கையை விரித்தால் ஈரம் மினுங்க வேண்டும். தென்னந்தும்புத் தூளும் சரிவரும். டொரொன்டோக் கடையில் நான் காசு கொடுத்து வாங்கிய தும்புக் கட்டியின் உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது, வயிறு எரிந்தது. கண் மங்கத் தொடங்கிய அன்றே பெட்டியைக் கூண்டின் வெதுவெதுப்பான பக்கம் வைத்தேன். போவதும் வருவதும் அதன் விருப்பம். கச்சான் முதல் நாள் எட்டிப் பார்த்தது, மூன்றாம் நாள் உள்ளேயே குடியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை, கழற்றிய காலுறை போல உட்புறம் வெளியாகப் புரண்ட முழுச்சட்டை. இரண்டு கண்மூடியும் அதில் இருந்தன. பூஞ்சணம் பிடிக்காமல் பாசியை மாற்றுவது ஒன்றுதான் வேலை.

ஆனால் தம்பியின் கூட்டாளி வளர்க்கும் போல் பைதன் (ball python) என்ற மலைப்பாம்புக்கு இதே தீர்ப்பை எழுத மாட்டேன். கோர்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்கு, 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் அதற்குப் போதும். போல் பைதன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் சரக்கு. சட்டை நாட்களில் கூண்டு முழுவதுமே 60ஐத் தாண்ட வேண்டும், பெட்டி மட்டும் காணாது. பெரிய தண்ணீர்ச் சட்டி வைத்து, வலை மூடியில் ஒரு பகுதியை மறைத்தால் ஏறும்.

நேற்று இரவு தம்பி திரும்பவும் அழைத்தான். பெட்டி வைத்தும் பயனில்லை, கச்சான் தண்ணீர்ச் சட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது, குளிப்பாட்டட்டுமா என்று கேட்டான். உண்ணித் தொல்லையாலோ என்று பார்க்கச் சொன்னேன். இல்லை. கூண்டின் ஈரப்பதமானி என்ன காட்டுகிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"24 அண்ணா."

"பாசி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, காய்ந்த பாசி கையில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.