மாரிகால நாற்றுக்கு எந்த லைற்: ஊதாவா, வெள்ளையா, சோடியமா?

மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழி என்றால் வெயிலைக் கண்ணால் காண்பதே அரிது. கொச்சிக்காய், கத்தரி, தக்காளி விதையை இப்போது போட்டால்தான் மழை ஓய்ந்து தை பிறக்கும்போது மண்ணில் வைக்க நாற்று கையில் இருக்கும். ஆனால் முற்றத்தில் வைத்தால் மழை அடித்துச் சாய்க்கிறது. விறாந்தையில் வைத்தாலோ வெளிச்சம் போதாமல் தண்டு நூல் மாதிரி நீண்டு விழுந்துவிடுகிறது. கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் நாலடி நீளத் தட்டு ஒன்று அடித்து, மூன்று மாரியாக லைற் வெளிச்சத்தில்தான் நாற்றுப் போடுகிறேன்.

முதலில் வாங்கியது இணையத்தில் எல்லோரும் காட்டும் ஊதா நிற லைற். பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருந்தது. மீற்றரில் செருகிப் பார்த்தால் 22 வாட்தான் இழுத்தது. சிவப்பும் நீலமும் செடிக்கு வேண்டும் என்பது உண்மைதான், பச்சையம் அந்த இரண்டையும்தான் அதிகம் உறிஞ்சும். ஆனால் 22 வாட் வெளிச்சத்தை நாலடித் தட்டுக்குப் பரப்பினால் எந்த நிறமாக இருந்தும் என்ன பயன்? நடுவில் இருந்த நாற்று நிமிர்ந்து நின்றது, ஓரத்தில் இருந்தவை எல்லாம் நடுவை நோக்கி வளைந்தன. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஊதா வெளிச்சத்தில் இலை எல்லாம் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பூத்திருக்கிறதா, அடியில் பேன் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. கொச்சி நாற்றில் அதைப் பிந்திக் கண்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

சோடியம் பல்பு பழைய தெருவிளக்கு மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரும். குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடங்களில் அது வெகுகாலம் ஓடியது, அங்கே அதன் சூடும் ஒரு லாபம். இங்கே மாரியிலும் அறைக்குள் 28 பாகை இருக்கும்போது அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது? 400 வாட் பல்பு, கரண்டைக் கட்டுப்படுத்தும் பலாஸ்டோடு சேர்த்து 440 வாட் போல இழுக்கும். நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால் மாதம் 185 யூனிட். வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுகிற நாட்டில் இது நாற்றுக்குச் சரிவராது.

நான் கடைசியில் நின்ற இடம் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. டியூப். நாலடி, 20 வாட், 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று எழுதியிருப்பது. மூன்று டியூப் பக்கத்துப் பக்கத்தில் பூட்டினால் 60 வாட். 14 மணித்தியாலத்துக்கு மாதம் 25 யூனிட் வரும். வெள்ளை எல்.ஈ.டி.க்கு உள்ளே இருப்பதே நீல வெளிச்சம் தரும் சின்னச் சிப்தான், மேலே பூசிய பொஸ்பர் என்ற ஒளிரும் பூச்சுத்தான் அதை வெள்ளையாக்குகிறது. 6500 கெல்வினில் நீலம் கூடுதல், நீலம் தண்டை நீளவிடாமல் கட்டையாக வைத்திருக்கும். நாற்றுக்கு வேண்டியதும் அதுதான். பழுதானால் பக்கத்துக் கடையிலேயே மாற்று டியூப் கிடைக்கும்.

ஆனால் உயரம் தவறினால் இந்த டியூபும் வீண். இலைக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு சாண் கூட வேண்டாம், நாலு விரலிலிருந்து ஆறு விரல் இடைவெளி போதும். புறங்கையை இலை மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் சூடே தெரியாது, அதனால் இவ்வளவு கிட்ட வைக்கலாம். நாற்று வளர வளர டியூபை உயர்த்த இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். தட்டின் பின்சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தபின் ஓரத்து நாற்றுகள் வளைவதும் குறைந்தது.

பழைய புளோரசன்ட் டியூப் வீட்டில் சும்மா கிடந்தால் போடலாம், புதிதாக வாங்க வேண்டாம். காய் பிடிக்கும்வரை உள்ளேயே வளர்க்க நினைத்தால் மட்டும் 100 வாட்டுக்கு மேற்பட்ட எல்.ஈ.டி. பலகை வேண்டும். தையில் வெயில் வந்துவிடும் ஊரில் எனக்கு அது தேவைப்படவில்லை.

கூடாரம் மாதிரி மூடும் ஜிப் பெட்டியும் விற்கிறார்கள். இந்தக் கடலோர ஈரத்தில் அதை வாங்க வேண்டாம் என்பேன். காற்று அசையாமல் நின்றால் மண் மட்டத்தில் தண்டு கறுத்து, ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றும் படுத்துவிடும். திறந்த தட்டும் ஒரு சின்ன மேசை ஃபேனும் போதும். இலை இலேசாக ஆடினால் சரி, நேரே அடிக்க விடக் கூடாது.

லைற்றை நேரத்துக்குப் போட்டு அணைக்கும் டைமரிலும் இரண்டு வகை. முள் சுற்றும் டைமர் மலிவு, ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மழைநாளில் மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை என்றால் லைற் மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் அணையும், மறுநாளும் அப்படியே. உள்ளே சின்னப் பற்றரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் குழப்பம் இல்லை. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஊதா லைற்றுக்குக் கொடுத்த காசில் இரண்டு வாங்கியிருப்பேன்.